மேசையில் ஜெயித்த ஆட்டம்

ஏப்ரல் 1, திங்கள்

ஈஸ்டருக்கு மறுநாள். எப்போதும்போல இவானோ அண்ணன் வீட்டுக் கொல்லையில்தான் சாப்பாடு. அவித்த முட்டை, சலாமி, லுச்சியானா அண்ணி சுட்ட விலாங்கு. தூறல் போட்டும் யாரும் எழுந்திருக்கவில்லை. அண்ணன் பேசிக்கொண்டே இருந்தான், பாதி நேரம் கால்பந்துதான்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் எங்கள் கவாரெல்லா, அந்தப் பக்கம் பொந்தெசால். அவன் அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு பாலம் தாண்டிப் போனவன். நீரேற்று நிலையத்தில் வேலை முடிந்ததும் அந்த ஊர்க் கால்பந்துக் கழகத்துக்குச் செயலாளர். நான் மருந்துக்கடை அடைத்ததும் இந்த ஊர்க் கழகத்துக்கு. இரண்டு பேருக்கும் சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு. கால்பந்து ஃபெடரேஷன் வாராவாரம் போடும் அறிக்கையை, யாருக்குத் தடை, யாருக்கு அபராதம் என்று கடைசி வரிவரை படிக்கிற பைத்தியங்கள் இந்த வட்டாரத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் என்று அண்ணி சொல்வாள்.

இந்த வருடம் இரண்டு அணியுமே பட்டியலின் அடியில் கிடக்கின்றன. "போறதுன்னா சேர்ந்தே கீழ போவோம் நிவேஸ், பேச்சுத் துணைக்கு ஆச்சு" என்றான். சிரித்தோம்.

ஏப்ரல் 21, ஞாயிறு

தோல்வி. எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 28, ஞாயிறு

லீக் முடிந்தது. எழுதவே கை வரவில்லை. அடியில் நின்ற எங்களுக்கும் பொந்தெசாலுக்கும் முடிவு கட்ட இன்னும் ஒரே ஒரு ஆட்டம், மே 12, எங்கள் மைதானத்தில். தோற்றவர் கீழ்ப்பிரிவுக்கு. இத்தனை ஊர் இருக்க, அவர்களோடா?

முப்பதுகளில் பாசிசக் கறுப்புச்சட்டைக்காரர்கள் மேலிருந்து உத்தரவு போட்டு இரண்டு கழகங்களையும் ஒன்றாக்கினார்களாம். அப்பா சொல்வார்: ஒரே நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தங்கள் ஊர்க்காரனுக்கு மட்டுமே பந்தைக் கொடுப்பார்களாம். போர் முடிந்ததும் இடிந்த பாலத்தைக் கட்டுவதற்கு முன்னால் கழகத்தைப் பிரித்தார்கள். அப்போது ஃபெடரேஷன் கொடுத்த பதிவு எண்தான் இன்றுவரை எங்களுடையது. நான்கு இலக்கம். புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் ஆறு இலக்கம்.

எங்கள் கழகத் தலைவர் பெல்லுக்கோ பாரில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்: "கீழ போனா நான் இல்ல. இப்பவே சொல்லிட்டேன்."

அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவருடையது சிப்பி வியாபாரம். நீல நண்டு வந்து காயலில் ஒரு சிப்பி விடாமல் தின்றுவிட்டது. ஆனால் அவர் போனால் வேறு யார் இருக்கிறார்கள்? பேருந்துக்கு யார் கொடுப்பது, மைதான விளக்குக்கு யார் கொடுப்பது? கழகத்தை மூட வேண்டியதுதான். என் காலத்தில், என் கையால்.

மே 10, வெள்ளி

தூக்கம் வரவில்லை. மருந்துக்கடைக்காரிக்கே மருந்து கேட்கவில்லை.

மே 12, ஞாயிறு

1-2. அவர்களுடைய சார்த்தோரெல் இரண்டு கோல். போன வருடம் வேறு கழகத்திலிருந்து வந்தவன், நல்ல ஆட்டக்காரன், நம்மிடம் அப்படி ஒருவன் இருந்திருந்தால் — சரி, விடு.

நம் பையன்கள் அழுதார்கள். கோல்காப்பாளர் பிசாத்தோ, முப்பத்தாறு வயது ஆள், குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தான், தண்ணீரை நிறுத்தவே இல்லை. பாலத்தின் மேல் பொந்தெசால்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போனார்கள். அண்ணன் போகும்போது என்னைக் கட்டிப்பிடித்து, "மன்னிச்சுக்க நிவேஸ்" என்றான். சந்தோஷத்தை மறைக்க அவனுக்குத் தெரியாது.

எல்லாரும் போனபின் உடைமாற்றும் அறையில் அழுக்குச் சட்டைகளை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஏன் வந்தது?

ஈஸ்டர் மறுநாள் சாப்பிடும்போது அண்ணனே சொன்னான். சார்த்தோரெலுக்குப் பழைய கழகத்தில் வாங்கிய சிவப்பு அட்டைக்கு ஒரு ஆட்டத் தடை பாக்கி இருந்ததாம். "செப்டம்பர்ல கோப்பை ஆட்டத்துல அவன உக்கார வெச்சேன். தடை கழிஞ்சுது. லீக்குக்குப் புதுசா எறக்கினேன் பாரு" என்று பெருமையாக.

லீக்கில் வாங்கிய தடையை லீக்கில்தான் கழிக்க வேண்டும். கோப்பை ஆட்டம் கணக்கில் வராது. அன்றைக்கு நான் முட்டையை உரித்துக்கொண்டு தலையாட்டியிருக்கிறேன். அவனும் தவறினான், நானும் கவனிக்கவில்லை. வருடம் முழுக்க எந்தக் கழகமும் கவனிக்கவில்லை. கவனித்தால்தான் குற்றம், யாராவது முறையிட்டால்தான் ஃபெடரேஷன் நீதிபதி பார்ப்பார்.

அப்படியென்றால் தடை இன்னும் பாக்கி, இன்றைக்கு சார்த்தோரெல் ஆடியிருக்கவே கூடாது. முறையிட்டால் ஆட்டம் மேசையில், அதாவது தீர்ப்பால், நமக்கு, 3-0. நாம் தப்புவோம், பொந்தெசால் கீழே. கெடு நாளை மதியம்வரை.

போன் செய்தேன். அண்ணன் எடுத்தான், பின்னால் பாட்டும் கூச்சலும். "கொஞ்சம் வெளிய வா அண்ணா" என்றேன். வந்தான். சொன்னேன்.

கதவை அவன் இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "கோப்பை வேற, லீக் வேற. ஆமா" என்றான். "எனக்கு எப்படித் தோணாம போச்சு?"

"எனக்குந்தான் தோணல."

"எப்ப வரைக்கும்?"

"நாளைக்கு மதியம்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. நம்ம ரெண்டு பேருக்குத்தான்."

 உள்ளிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள், இவானோ, இவானோ என்று ராகம் போட்டு.

"போடு நிவேஸ்" என்றான். "உன் வேலை அது. உன் எடத்துல நானா இருந்தாலும் போட்டிருப்பேன்."

"அண்ணா —"

"போடுன்னா போடு. எனக்காகப் பாக்காத." வைத்துவிட்டான்.

மே 13, திங்கள்

போட்டுவிட்டேன். பதினொன்றே முக்காலுக்கு.

காலையில் பெல்லுக்கோவிடம் சொன்னபோது மனிதர் என் கையைப் பிடித்து முத்தமிட்டார். "தெய்வம் நீ" என்றார். "எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேட்டார். அறிக்கைகளைப் படிப்பேன் என்றேன். அது பொய் இல்லை. முழுசும் இல்லை.

அண்ணன்தானே போடச் சொன்னான். அவன் வாயால் சொன்னான். இரண்டு தடவை சொன்னான்.

மே 16, வியாழன்

அறிக்கை வந்தது. மூன்றுக்குப் பூஜ்யம், கவாரெல்லாவுக்கு. பொந்தெசால் கீழ்ப்பிரிவுக்கு. அவர்களுடைய செயலாளர், அணிப் பட்டியலில் கையெழுத்திட்டவர் என்ற முறையில், செப்டம்பர் முடியும்வரை எந்தக் கழகத்திலும் பொறுப்பு வகிக்கக் கூடாது. பெயரும் போட்டிருந்தது. என் குடும்பப் பெயரும் அதுதானே.

பாரில் எனக்கு யாரோ வைன் வாங்கிக் கொடுத்தார்கள். பிசாத்தோ மட்டும் பக்கத்தில் வந்து, "தப்பா நினைச்சுக்காதீங்க. கால்ல தோத்துட்டு மேசையில ஜெயிச்சா எனக்கு இனிக்கல" என்றான். உனக்கென்னடா, உனக்கென்ன தெரியும்? சொல்லவில்லை. வைனையும் குடிக்கவில்லை.

மே 17, வெள்ளி

பாலத்தின் நடுவில் ஒரு மடக்கு மேசை. சாப்பாட்டு விரிப்பு விரித்து, மூன்று தட்டில், கோலுக்கு ஒன்றாக, மூன்று வேகாத உருளைக்கிழங்கு. அட்டையில்: "கவாரெல்லா வீரர்களுக்கு, நல்லா சாப்பிடுங்க." பேருந்து ஓட்டுநர் இறங்கி அதை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுத்தான் ஓட்டினார். பயணிகள் சிரித்தார்கள். நானும் அந்தப் பேருந்தில்தான் இருந்தேன்.

மே 19, ஞாயிறு

அண்ணன் வீட்டுக் கராஜ் கதவில் பெயிண்டால் எழுதியிருக்கிறார்களாம். தங்கைக்கு விற்றவன் என்று. விற்றவன்! இருபது வருடம் அந்தக் கழகத்துக்குத் துண்டு துவைத்தவனை.

போன் செய்தேன், அவன் எடுக்கவில்லை. அண்ணி எடுத்தாள். "அவரு தூங்கறாரு" என்றாள். காலை பத்து மணிக்கு. அவன் வாழ்நாளில் பத்து மணிக்குத் தூங்கியதில்லை.

ஜூன் 2, ஞாயிறு

எடுக்கவில்லை.

ஜூன் 15, சனி

எடுக்கவில்லை. நேரில் போகலாம் என்று பாலம்வரை போனேன். அங்கே நின்று ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். என்ன சொல்வது, நீதானே சொன்னாய் என்றா?

ஜூன் 27, வியாழன்

பெல்லுக்கோ கூட்டம் கூட்டினார். கோப்பைகள் வைத்திருக்கும் அறையில், மின்விசிறி ஓடாமல், பதினைந்து பேர்.

நெடுஞ்சாலைக்கு அப்பால், கிடங்குகள் இருக்கிற பக்கத்தில் ஒருவர் புதிதாகக் கழகம் வைத்திருக்கிறார். பெரிய பணக்காரர். கடைசிப் பிரிவிலிருந்து ஏறிவர அவருக்குப் பொறுமை இல்லை. நம் கழகத்தை அவருடையதோடு இணைக்கிறார்கள். ஃபெடரேஷன் விதியில் இணைப்புக்கு இடமிருக்கிறது. பெயர் இரண்டையும் சேர்த்து எழுதுவார்களாம், ஒரு வருடத்துக்கு. பிறகு பார்ப்போம் என்கிறார்கள். ஆட்டமெல்லாம் அங்கே. நிறமும் அவர்களுடையது. நம் பிரிவிலுள்ள இடமும் நம் நான்கு இலக்க எண்ணும் அவர்களோடு போகும்.

யாரும் கத்தவில்லை. கத்துவார்கள் என்று நினைத்தேன்.

"கழகத்தக் காப்பாத்துறதுக்குத்தானே முறையிட்டோம் தலைவரே?" என்று கேட்டேன். 

பெல்லுக்கோ நல்ல மனிதர்தான். பொய் சொல்லவில்லை. "அம்மா, நண்டு என்னை முழுங்கிடுச்சு. எனக்கு வேற வழியில்ல" என்றார். "கீழ போயிருந்தா அந்தாளு திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டாரு. கீழ்ப்பிரிவு எடம் யாருக்கு வேணும்? சாவிய உங்க கைல குடுத்துட்டு நான் பாட்டுக்குப் போயிருப்பேன்."

"குடுத்திருந்தா நாங்க நடத்தியிருப்போமே" என்றான் பிசாத்தோ.

"நடத்தியிருப்பீங்க" என்றார் அவர். "அதுதான் உண்மை."

பிசாத்தோ என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம், திட்டியிருக்கலாம்.

ஜூன் 28, வெள்ளி

தோற்றிருந்தால் கழகம் இருந்திருக்கும். இதை எத்தனை விதமாக எழுதிப் பார்த்தாலும் இப்படித்தான் வருகிறது.

ஒரே காகிதத்தால் இரண்டு ஊர்க் கழகத்தையும் கெடுத்திருக்கிறேன். கறுப்புச்சட்டைக்காரர்களாலேயே முடியாததை ஒரு மருந்துக்கடைக்காரி செய்துவிட்டாள். சிரிப்பு வருகிறது, அழுகையும் வருகிறது, கடையில் இருமல் மருந்து மாற்றிக் கொடுத்துவிட்டேன், நல்லவேளை அந்தம்மா படித்துப் பார்த்துத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

ஜூலை 12, வெள்ளி

கையெழுத்தாயிற்று. அந்தப் பணக்காரரின் ஆள் ஒருவன் வேனில் வந்து பந்துகளையும் வலைகளையும் எடுத்துப் போனான். மரியாதையான பையன். "கோப்பையெல்லாம் வேணாமாம், நீங்களே வெச்சுக்கலாம்" என்றான். என்னையும் அங்கே செயலாளராக வரச் சொல்லியிருக்கிறார்களாம். "உங்க திறமையப் பத்திக் கேள்விப்பட்டாங்க" என்றான்.

வேண்டாம் என்றேன். திறமை!

ஆகஸ்ட் 15, வியாழன்

மாதா திருநாள். ஒவ்வொரு வருடமும் அண்ணன் வீட்டில் தர்பூசணி அறுப்போம். இந்த வருடம் தனியாக ஒரு சின்னதை வாங்கி, பாதியைக் குப்பையில் போட்டேன்.

மைதானத்தில் புல் முழங்கால்வரை. யாரோ குதிரை கட்டியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

லீக் தொடங்கியது. எனக்குப் போக இடமில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, துணி மாற்றி, எங்கே போகிறேன் என்று தெரியாமல் சைக்கிளை எடுத்தேன். பாலத்தைத் தாண்டின பிறகுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை முறைவேலையில் நீரேற்று நிலையத்தில் இருப்பான் என்று அண்ணி கடையில் வைத்து யாரிடமோ சொன்னதைக் கேட்டிருந்தேன். இருந்தான். வாசலில் நாற்காலி போட்டு, ரேடியோ இல்லாமல். இளைத்திருக்கிறான். என்னைப் பார்த்து எழுந்து, உள்ளே போய் இன்னொரு நாற்காலி கொண்டுவந்து போட்டான். பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தான். பம்புகள் ஓடிக்கொண்டிருந்ததால் கொஞ்சம் சத்தமாகத்தான் பேச வேண்டியிருந்தது.

"இங்க இன்னைக்கு ஆட்டம் இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கு. நான் போறதில்ல."

"தடை முடியப் போகுதே."

"தடைக்காக இல்ல. முடிஞ்சாலும் கூப்பிட மாட்டாங்க. கூப்பிட்டா மட்டும் போயிடுவேனா?"

எங்கள் கழகத்தைப் பற்றி அவனுக்குத் தெரிந்திருக்கிறது. "கேள்விப்பட்டேன். பாவம்" என்றான். உள்ளபடியே சொன்னான். நல்லா வேணும் என்று சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

என்னால் அடக்க முடியவில்லை. "நீ சொல்லித்தான் போட்டேன் அண்ணா. நீ போடுன்ன. ரெண்டு தடவ சொன்ன."

"சொன்னேன்" என்றான். வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபமில்லை. கோபமே இல்லை. "வேற என்னத்தச் சொல்ல? போடாதன்னு தங்கச்சிகிட்டக் கெஞ்சவா?"

பிறகு சொன்னான்: "போடமாட்டன்னு நினைச்சேன்."

காபியைக் குடித்தேன். கோப்பையைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு வரட்டுமா என்றேன். "முறை மாறும். தெரியல" என்றான்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒன்றே ஒன்றுதான் மனதில் ஓடுகிறது. அன்று நான் ஏன் போன் செய்தேன்? சொல்லாமலே போட்டிருக்கலாம், சொல்லாமலே விட்டிருக்கலாம். வேண்டாம் நிவேஸ் என்று அவன் சொல்வான் என்று நினைத்துத்தான் போன் செய்தேன். அதை அவனிடம் சொல்லவில்லை.