தங்கச்சி போனுக்கு வந்த எண்

மார்ச் 4

நேற்று ஒரு புது வாடிக்கையாளர், "இந்த மாடல்ல கவுன் வேணும்" என்று ஒரு ஃபைல் அனுப்பியிருந்தார். மாடல் என்றால் எந்தத் தையல்காரிதான் திறக்காமல் இருப்பாள்? திறந்தேன். படமே இல்லை. லேப்டாப் கொஞ்ச நேரம் திணறியது, அவ்வளவுதான்.

இன்று காலை ஈமெயிலுக்குள் போக முடியவில்லை. இணையத்தில் இருக்கும் என் கடைப் பக்கத்துக்குள்ளும் போக முடியவில்லை. என் கடைப் படத்தைப் போட்டு எவனோ பாதி விலைக்கு செல்போன் விற்கிறான்! என்னிடம் வழக்கமாகத் தைக்கக் கொடுக்கும் டீச்சரம்மா போன் செய்து, "தையலை எப்போ விட்டீங்க?" என்று கேட்கிறார்.

மார்ச் 5

கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் வந்தார். படம் மாதிரி வந்தது வைரஸாம். பாஸ்வேர்டை அள்ளிக்கொண்டு போய்விட்டதாம். லேப்டாப்பை முழுசாக அழித்துப் புதிதாக ஏற்றிக் கொடுத்தார்.

"எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்டா?"

"ஞாபகம் இருக்கணுமில்ல?" என்றேன். தலையில் அடித்துக்கொண்டார்.

ஒன்பது வருஷமாகத் தைத்த அத்தனை உடுப்பும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் ஆட்கள் வருகிறார்கள். போச்சுன்னா?

மார்ச் 6

வழி இருக்கிறது என்று ரிப்பேர்காரர் சொன்னார். ஈமெயிலை மீட்டால் பக்கத்தையும் மீட்கலாம். அதற்கு ஆறு இலக்க எண் ஒன்று போனுக்கு வரும். எந்தப் போனுக்கு? ஈமெயில் தொடங்கும்போது கொடுத்த போனுக்கு. அப்போது என்னிடம் போனே இல்லை, தங்கச்சி நம்பரைக் கொடுத்திருந்தேன். திருடன் நம்பரை மாற்றியிருந்தாலும் இன்னும் சில நாள் பழைய நம்பருக்கு வருமாம். அதற்கப்புறம் ஒன்றும் செய்ய முடியாதாம்.

அவளோடு பேசி இரண்டு வருஷம் ஆகிறது. அவள் கல்யாண வரவேற்புக்கு ராப்பகலாக நான் தைத்த கவுன் பெட்டியில் கிடக்க, கடையில் வாங்கியதைப் போட்டுக்கொண்டு நின்றாள். நான் ஒன்று சொன்னேன், அவள் ஒன்பது சொன்னாள்.

நான் ஏன் முதல்ல பேசணும்?

மார்ச் 7

பேசவில்லை. "உன் ரோஷம் வந்து துணி தைச்சுக் குடுக்குமா?" என்கிறார் வீட்டுக்காரர்.

மார்ச் 8

கூப்பிட்டேன்.

"நிஜமா அக்காதானா? நேத்து உன் பேர்ல 'அன்புச் சகோதரி, நலமா'ன்னு மெசேஜ் வந்துச்சு. உனக்கு ஏது இவ்வளவு மரியாதை? எவனோ திருடன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளும் சிரித்தாள். விஷயத்தைச் சொன்னேன். எண் வந்தது. அவள் படிக்கப் படிக்க நான் அடித்தேன், தப்பாக.

"அவசரக்குடுக்கை! இன்னும் மாறலையா நீ?"

இன்னொரு எண் வரவழைத்தோம், அதற்குத் திறந்தது. "தேங்க்ஸ்" என்றேன். "போடி" என்றாள். என்னைவிட நாலு வயசு சின்னவள்!

மார்ச் 9

பக்கமும் கிடைத்துவிட்டது! செல்போன் விளம்பரத்தையெல்லாம் அழிச்சாச்சு, என் படம் ஒண்ணுகூடப் போகலை.

மார்ச் 11

இனி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பாஸ்வேர்ட். என் நம்பரையும் சேர்த்தாச்சு. யார் ஃபைல் அனுப்பினாலும், "துணியும் மாடலும் கையோட கொண்டு வாங்க" என்கிறேன். டீச்சரம்மா இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

மார்ச் 15

மத்தியானம் தங்கச்சி போன். எனக்குத் திக்கென்றது.

"என்னடி, திரும்பவும் எவனாவது நுழைஞ்சுட்டானா? நம்பர் ஏதாவது வந்துச்சா?"

"ஒண்ணும் வரலைக்கா. சும்மாதான் கூப்பிட்டேன்."

மிஷினை நிறுத்திவிட்டு, பேச வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.