பனியன் வேஸ்ட் தீவின் ஒரே சட்டம்

மகாராணிக்கு,

நம் நல்லூர் தையல் யூனிட்டின் மூலையில் வெட்டிப்போட்ட பனியன் வேஸ்ட் இன்னும் மலையாகக் குவிகிறது. ஏழு வயதில் நீ அதைத் தீவு என்றாய். நீ ராணி, அண்ணன் நான் மந்திரி. கட்டிங் பேப்பரில் சட்டமும் எழுதினாய்: "இந்த நாட்டுல யாரையும் 'போ'ன்னு சொல்லக் கூடாதுங்க. சொன்னா நாடு கடத்தீருவோமுங்க."

நீ காதலித்தவனோடு கிளம்பிய அன்று, "போயிட்டு வரட்டுங்களாண்ணா?" என்று வாசலில் நின்று கேட்டாய்.

"போ" என்றேன்.

இப்போதெல்லாம் கரண்ட் போய் மெஷின்கள் நின்றதும் அந்தக் குவியலுக்குள்ளிருந்து உன் சின்னக் குரல் கேட்கிறது: "மந்திரி, இன்னும் கிளம்பலீங்களா?" டெய்லர்கள் யாருக்கும் கேட்பதில்லை. வேஸ்ட் எடுக்க வரும் ஆளை மூன்று மாதமாக நான் உள்ளே விடவில்லை.

உன் வீட்டில் ஒரு மூலை இருக்குமா?

நாடு கடத்தப்பட்ட
உன் மந்திரி