ஏற்றத்தில் நிற்காத கால்

2006 ஜூலை 11, செவ்வாய்

றக்வானைத் தேயிலைத் தோட்டத்தில் விடாத மழை. டுபாயிலிருந்து வந்து இன்றோடு பதினாறு நாள். "எப்பண்ணே திரும்பிப் போறீங்க?" என்று இன்று மட்டும் நாலு பேர் கேட்டார்கள். "கொம்பனி கூப்பிட்டா போகணும்" என்று நாலு பேருக்கும் ஒரே பதில். கொம்பனி கூப்பிடாது. சேர்ந்த ஐந்தாம் மாதமே டிக்கெட் எடுத்துக் கையில் கொடுத்து, கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பியது அதுதானே. இந்த டயரியும் அவர்கள் கொடுத்ததுதான். லைசன்ஸைப் பறித்த ஊர், டயரியை விட்டுவைத்திருக்கிறது.

புஷ்பராணியிடம் "வேலை முடிஞ்சு போச்சு" என்றேன். பெண்டாட்டியிடம் சொல்கிற பதிலா இது? இரண்டு வருட வேலை ஐந்து மாதத்தில் எப்படி முடிந்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

ஜூலை 14, வெள்ளி

பெரிய கிளாக்கர் ஆபீஸ் வாசலில் கூப்பிட்டு நிறுத்தினார். சுரேந்திரன் அடுத்த மாதம் டுபாய் போகிறானாம். கொழுந்து லொறிக்கு ஆள் வேண்டுமாம். "நீ வெளிநாட்டு ரோட்டுல ஓட்டுனவன். தொரைகிட்ட ஒம்பேரத்தான் சொல்லியிருக்கேன்" என்றார்.

பத்தொன்பது வருடம் நான் ஓட்டிய லொறி. நான் போனதும் சுரேந்திரன் கைக்குப் போனது, இப்போது எனக்கே வரப்போகிறது. வெளிநாட்டு ரோட்டில் எப்படி ஓட்டினேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு லயத்து வீட்டுக்கு வந்தேன், வெட்கங்கெட்டவன்.

ஜூலை 16, ஞாயிறு

சுரேந்திரன் வீட்டுக்கு வந்தான். மனைவியின் தாலிக்கொடியைத் தவிர மற்ற நகையெல்லாம் ஏஜென்சிக்காரனிடம் போய்விட்டதாம். "அண்ணே, அங்க லைட்டுல கெமரா இருக்காமே? ஏஜென்சிக்காரன் பயமுறுத்துறான்" என்றான்.

எனக்கு வந்த தோரணையைப் பார்க்க வேண்டும்! பக்கத்து லயத்து ஆட்களும் கூடிவிட்டார்கள். கரித்துண்டை எடுத்து வாசல் சிமெந்தில் சந்தியைக் கீறினேன். வெள்ளைக் கோட்டுக்கு அடியில், தாரை வெட்டிக் கம்பிச் சுருள் புதைத்திருப்பார்கள். மேலே இரும்பு போனால் அதற்குத் தெரியும். லைட் பச்சையாக இருக்கும்வரை கெமரா சும்மா கிடக்கும். மஞ்சளிலும் சும்மாதான். சிவப்பு விழுந்த பிறகு எவன் கோட்டைத் தாண்டினாலும் ஒரு படம். அடுத்த நொடியில் இன்னொரு படம்.

"எதுக்குண்ணே ரெண்டு?"

"மொதப் படத்துல வண்டி கோட்டுல இருக்கும். ரெண்டாவதுல நடுச்சந்தியில இருந்தா, போயிட்டான்னு அர்த்தம். கோட்டத் தாண்டுனதும் பிரேக் போட்டு நின்னவன்னா ரெண்டு படத்துலயும் அதே எடத்துல நிப்பான். அவன விட்டுருவாங்க."

படத்திலேயே திகதி, நேரம், சிவப்பு விழுந்து எத்தனை நொடி, வண்டி போன வேகம் எல்லாம் அச்சாகி வரும் என்றேன். நம்பர் பிளேட்டைப் பார்த்து வண்டிக்காரனுக்குக் கடதாசி போகும். பொய் சொல்லித் தப்ப முடியாது, கெஞ்சவும் ஆள் இல்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற பழக்கம்தான் எனக்கு இல்லையே! "நாங்க தங்கியிருந்த கேம்ப்ல ஒரு மடையன் இருந்தான்" என்று ஆரம்பித்தேன். "கெமரா பளிச்சுன்னு வெட்டுனதும் மின்னல்னு நெனச்சு, வெய்யில்ல வைப்பர போட்டுக்கிட்டே போனான்."

வாசல் முழுக்கச் சிரிப்பு. புஷ்பராணி கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். "அந்த ஆளுக்குப் பொண்டாட்டி இருந்தா பாவம்" என்றாள்.

நானும் சிரித்தேன்.

ஜூலை 17, திங்கள்

தூக்கமில்லை. இங்கேயாவது ஒழுங்காக எழுதுகிறேன். மடையன் நான்தான்.

டுபாயில் எனக்குத் தண்ணீர்ப் போத்தல் ஏற்றிய லொறி. சுரங்கப் பாதையிலிருந்து ரோடு மேலே ஏறும், ஏறி முடிகிற இடத்தில் லைட். முதல் நாள் சிவப்பைக் கண்டேன். சத்தியமாகக் கண்டேன். ஆனால் கால் பிரேக்குக்குப் போகவில்லை. இந்தத் தோட்டத்து லொறிக்கு ஹேண்ட் பிரேக் என்பது பெயருக்குத்தான். கொழுந்து ஏற்றிக்கொண்டு மேல் மலை ஏற்றத்தில் நிறுத்தினால், பின்னால் உருண்டு பள்ளத்தில்தான் கிடக்க வேண்டும். அதனால் ஏற்றத்தில் எது வந்தாலும் ஹோனை அடித்து, கியரைக் குறைத்து, அழுத்திப் போவோம். எதிரே இறங்கி வருகிறவன் ஒதுங்குவான். பத்தொன்பது வருடம் அப்படிப் பழகிய கால், டுபாயிலும் அழுத்தியது.

பளிச். பளிச். இரண்டு மின்னல். நம் ஊர்ப் பக்கத்து மழை நினைவு வந்து, சந்தோஷமாக வைப்பரைப் போட்டேன். ஒரே மாதத்தில் மூன்று தரம் மின்னியது, மழைதான் வரவில்லை. பிறகு ஆபீசில் ஒரு மலையாளி கிளாக்கர் ஆறு படங்களையும் மேசையில் பரப்பி, கம்பிச் சுருளிலிருந்து எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். நேற்று நான் அவிழ்த்து விட்ட படிப்பெல்லாம் அவருடையது. லைசன்ஸைப் பொலிஸ் எடுத்துக்கொண்டது. லைசன்ஸ் இல்லாத டிரைவருக்கு அங்கே படுக்கப் பாய்கூடக் கிடையாது.

ஜூலை 23, ஞாயிறு

மனது கேட்காமல் சுரேந்திரனோடு லொறியில் ஏறினேன். மேல் மலை ஏற்றத்தில் பாதி போனதும், "சிவப்பு! நிப்பாட்டு!" என்று கத்தினேன். அவன் கியரைக் குறைத்து அழுத்தினான். வண்டி உறுமிக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்தது.

"ஏத்தத்துல எப்படிண்ணே நிப்பாட்டுறது? அங்க புது லொறி, நின்னுரும்" என்று சிரித்தான்.

புது லொறிதான்டா. நான் ஓட்டினதும் புது லொறிதான். கால் பழசு.

ஜூலை 24, திங்கள்

சொல்லவில்லை. சுரேந்திரனிடம் சொன்னால் ஊருக்கே தெரியும், கிளாக்கருக்குத் தெரியும், லொறி போய்விடும்.

ஜூலை 25, செவ்வாய்

இன்றும் சொல்லவில்லை. சுரேந்திரனின் மனைவி காதில் தோட்டுக்குப் பதில் ஈர்க்குச்சி செருகிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போகிறாள். அதைப் பார்க்காமல் இருக்க வேறு பாதையில் போனேன்.

ஜூலை 27, வியாழன்

சொல்லிவிட்டேன்.

ஃபெக்டரிக்குப் பின்னால், லொறியைக் கழுவிக்கொண்டிருந்தான். "சுரேந்திரா, அந்த வைப்பர் போட்ட மடையன் நான்தான்" என்றேன். முதலில் சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தான். எல்லாவற்றையும் சொன்னேன், ஏற்றம், கால், ஆறு படம், லைசன்ஸ்.

"அப்ப நானும் நிக்க மாட்டேனாண்ணே?"

"இப்ப உள்ள காலோட போனா நிக்க மாட்ட."

அவன் குனிந்து தன் வலது காலைப் பார்த்தான். நானும் பார்த்தேன்.

ஜூலை 29, சனி

சுரேந்திரன் தன் மனைவியிடம் சொல்லியிருக்கிறான். அவள் யாரிடமோ சொல்லி, இன்று காலை கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசுக்கு முன்னால் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. புஷ்பராணி அங்கேதான், வரிசையில், கூடையோடு நின்றிருக்கிறாள். யாரோ இரண்டு கையாலும் வைப்பர் ஆட்டிக் காட்டினார்களாம்.

வீட்டுக்கு வந்தவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "எனக்கு முன்னுக்கு அவனுக்குச் சொன்னீங்களா?"

ஐயோ, அது எனக்குத் தோணவே இல்லியே. ஊர் சிரிக்கும்னு பயந்தேன், லொறி போயிரும்னு பயந்தேன். இவகிட்ட சொல்லணும்னு ஏன்டா தோணல? அஞ்சு மாசம் தனியாக் கெடந்தவ இவதானே.

ஆகஸ்ட் 2, புதன்

கிளாக்கர் கூப்பிட்டார். லொறி வேறு ஆளுக்காம். "படத்தோட வந்தவன வச்சு நான் தொரைக்கு என்ன சொல்றது?" நியாயம்தான்.

புஷ்பராணி பேசுவதில்லை. சோறு வருகிறது, பிளேன்டீ வருகிறது, பேச்சு வருவதில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதைப் பூனைக்குச் சொல்கிறாள். பூனையும் என்னை ஒரு மாதிரிதான் பார்க்கிறது.

ஆகஸ்ட் 9, புதன்

தினமும் சாயங்காலம் மேல் மலை ஏற்றத்தில் சுரேந்திரனுக்குப் பயிற்சி. நான் பின்னால் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன், "சிவப்பு!" என்பேன், அவன் நிறுத்துவான், நான் டயருக்குக் கட்டை கொடுப்பேன். முதல் மூன்று நாள் நிற்கவே இல்லை, கட்டையோடு மலை உச்சிவரை ஓடினேன். இன்று ஆறு தரத்தில் ஐந்து தரம் நின்றான். லயமே வேடிக்கை பார்க்கிறது. பார்க்கட்டும்.

பஜாரில் ஸம்சுதீன் முதலாளி தன் ஹயர் வேனுக்கு ஆள் தேடுகிறார். போய் முதலிலேயே மூன்று மின்னலையும் சொல்லிவிட்டேன். "இங்க லைட்டும் இல்ல, கெமராவும் இல்ல. நாளைக்கு வாங்க" என்றார்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

சுரேந்திரனை ஏற்றிவிடக் கட்டுநாயக்கா எயார்போட்டுக்குப் போனோம். முதலாளியின் வேன், டிரைவர் நான். பின்னால் அவன் குடும்பம், மாமனார் குடும்பம். இடமில்லாமல் புஷ்பராணியை என் பக்கத்து சீட்டில் உட்கார வைத்தார்கள். இருபத்திரண்டு நாளாகப் பேசாதவள், ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். போகிற வழியில் மூன்று செக்பொயிண்ட். மூன்றிலும் இறங்கி ஐடென்டிட்டி கார்ட் காட்டினோம், மூன்றிலும் என்னைப் பார்க்காமல் இறங்கி என்னைப் பார்க்காமல் ஏறினாள்.

உள்ளே போகுமுன் சுரேந்திரன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "நின்னுருவேண்ணே" என்றான்.

திரும்பும்போது சாமான் வாங்கக் கொழும்புக்குள் போனோம். ஒரு சந்தியில் லைட் சிவப்பு. வெள்ளைக் கோட்டுக்கு ஒரு முழம் முன்னாலேயே நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக்கையும் இழுத்தேன், சமதரையில்! கெமரா ஒன்றும் கிடையாது. குறுக்கே வண்டியும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை. பின்னால் எல்லோரும் சுரேந்திரனை நினைத்து அழுதுகொண்டிருந்தார்கள். நான் லைட்டைப் பார்க்கவில்லை. ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு மெலிந்திருக்கிறாள், வந்து இரண்டு மாதமாக இதைக்கூடப் பார்க்கவில்லை நான்.

"பச்ச விழுந்துருச்சு" என்றாள். "போங்க."

என்னிடம்தான் சொன்னாள். வேனில் பூனை இல்லை. நான் பதறிக் கிளச்சை விட்டதில் எஞ்சின் நின்றுபோனது. பின்னால் ஹோன் மேல் ஹோன். மறுபடி ஸ்டார்ட் பண்ணுவதற்குள் லைட் மறுபடி சிவப்பானது. அவள் தலையில் அடித்துக்கொண்டாள், பிறகு இரத்தினபுரி வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள்.