படம் முடிந்த பிறகும் கிடந்தவர்

அன்பு மகள் அம்முவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், நீ அங்கே நலமாக இருக்கிறாயா என்று நினைக்காமல் எங்களுக்கு ஒரு வாய் சாப்பாடு இறங்குவதில்லை. நலம் என்று நான் எழுதுவது உடம்பை மட்டும்தான். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, அம்மாவின் முழங்கால் மாடிப்படி ஏறும்போது மட்டும் மக்கர் பண்ணுகிறது, சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்ததை நானே வாஷர் மாற்றிச் சரிசெய்தேன், இப்போது முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சொட்டுகிறது. மற்றபடி வீட்டில் சத்தமே இல்லை. போன தடவை போனில் நீ கேட்டாய், மாமா ஏன் குடும்பக் குரூப்பை விட்டுப் போய்விட்டார், அம்மா ஏன் உன்னிடம் பேசி முடித்ததும் போனை என் கையில் தராமல் மேஜைமேல் வைத்துவிட்டுப் போகிறாள் என்று. நான் சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னலுக்கு ஒரு குறையும் இல்லை, எனக்குத்தான் வாய் வரவில்லை. பேனா பிடித்து எழுதினால் உன் முகத்தையும் குரலையும் நேராகச் சந்திக்க வேண்டியதில்லை பார், அதனால்தான் இந்தக் கடிதம்.

எல்லாம் அந்தப் பொம்மைப் படத்தால் வந்த வினை. எங்கள் டிரைவிங் ஸ்கூலில் மத்தியான வகுப்பு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், நான் போர்டில் வண்டி படம் போட்டுத் திரும்பினால் பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள், மீதிப் பேர் அதற்கும் தெம்பில்லாமல் தூங்குவார்கள். நீ விட்டுவிட்டுப் போன பழைய லேப்டாப்பில் பொழுதுபோகட்டும் என்று நீயே போட்டுக் கொடுத்த கார்ட்டூன் சாஃப்ட்வேர் சும்மாதானே கிடக்கிறது என்று தொட்டேன். இலவசமாகக் கொடுப்பதில் ஒரு இளைஞன், ஒரு பெண், ஒரு குழந்தை, ஒரு நாய், ஒரு வழுக்கைத் தலையர், அவ்வளவுதான் ஆட்கள், மற்றவர்கள் எல்லாம் பூட்டு போட்டு உள்ளே இருக்கிறார்கள். நட, ஓடு, உட்கார், ஆடு, விழு என்று பட்டன்கள், அதில் எதை அமுக்கினாலும் ஐந்து பேரும் ஒரே மாதிரிதான் செய்வார்கள், நாய்கூட மனுஷன் மாதிரிதான் விழும். என் முதல் படத்தில் கார் சக்கரம் சுற்றவில்லை, டிரைவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டே ஓட்டினான். சார், இந்த வண்டியை யாரு பின்னாடி இருந்து தள்ளுறாங்க என்று ஒரு பெண் கேட்டாள், வகுப்பே குலுங்கிச் சிரித்தது. ஆனால் ஒருத்தரும் தூங்கவில்லை. அன்றைக்குத் தலைக்கேறியதுதான். வாரம் ஒரு படம் எடுக்க ஆரம்பித்தேன், எல்லாக் குரலும் நானே, பெண் குரலுக்கு மட்டும் மூக்கைப் பிடித்துக்கொள்வேன். முதலாளி வரவேற்பறை டிவியில் போட்டுவிட்டார், வருகிறவர்கள் எல்லாம் படக்கார சார் என்று கூப்பிட்டார்கள். இத்தனை வருஷம் கிளட்ச், கியர் என்று தொண்டை வறளக் கத்தியபோது யாரும் என்னை ஒரு ஆளாக நினைத்ததில்லை அம்மு, அதனால் எனக்கு அது பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது.

அப்புறம்தான் தூங்கிக்கொண்டு வண்டி ஓட்டுகிறவரைப் பற்றிய அந்தப் படம். நான் உனக்கு அனுப்பி, நீ பார்த்துச் சிரித்தாயே, அதேதான். வழுக்கைத் தலையர் வேன் ஓட்டிக்கொண்டு வருவார், கண் சொருகும், வேன் ஒரு கடை ஷட்டரில் போய் முட்டும், அவர் வெளியே வந்து விழுவார், அந்த இளைஞனே போலீஸாக வந்து கேட்டால் தொண்டையை இரண்டு தடவை கனைத்துவிட்டு, சொல்றதக் கேளுங்க சார், பிரேக் புடிக்கல என்பார், நாய் வந்து மோந்து பார்க்கும், படம் முடிந்துவிடும். இரண்டு தடவை கனைத்துவிட்டு, சொல்றதக் கேளு என்று ஆரம்பிக்கிற ஆள் நம் குடும்பத்தில் யார் என்று உனக்கே தெரியும். அந்தக் கனைப்பு மாமாவுடையதேதான் என்று நீயும் எழுதியிருந்தாய். உனக்குத் தெரியாதது மீதிக் கதை. போன வருஷம் மாமாவின் பார்சல் வேன் ஷட்டரில் மோதியதே, அப்போது பிரேக் நன்றாகத்தான் இருந்தது. ஓய்வில்லாமல் இரண்டு லோடு சேர்த்து எடுத்து, கண் அசந்துவிட்டார். கடைக்குள் யாரும் இல்லாதது நம் நல்ல நேரம். ஆஸ்பத்திரியில் காலில் கட்டோடு படுத்திருந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் மட்டும் சொன்னார், தூங்கிட்டேன் மாப்ள, முப்பது வருஷம் ஓட்டினவன் தூங்கிட்டேன்னு வெளிய சொல்ல முடியல, உன்னோட இருக்கட்டும் என்று. நானும் தலையை ஆட்டினேன். அந்தத் தலைதான் இந்தப் படத்தையும் எடுத்தது.

அவரைச் சந்தி சிரிக்க வைக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, அது சத்தியம். வழக்கம்போல ஒரு டிரைவர் கதை என்றுதான் ஆரம்பித்தேன். கனைப்பு தானாக வந்தது, பிரேக் வசனமும் தானாக வந்தது, போட்டுப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு தாங்கவில்லை. அதை எடுத்துவிட்டால் படம் சப்பென்று ஆகிவிடும் என்று தெரிந்தது, அதனால் விட்டுவிட்டேன். தெரிந்துதான் விட்டேன் என்பதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை.

நீ அதைக் குரூப்பில் போட்டு மாமாவுக்கு ஒரு சிரிப்புப் பொம்மையும் வைத்தாய், அதற்காக நீ மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே, உனக்கு விஷயம் தெரியாது. அத்தை அதைப் பார்த்திருக்கிறாள். முதலில் சிரித்திருக்கிறாள், அப்புறம் சிரிப்பு நின்று, அப்போ பிரேக் நல்லாத்தான் இருந்துச்சா என்று மாமாவைக் கேட்டிருக்கிறாள். ஒரு வருஷமாக வேனுக்குப் பிரேக் பார்த்த ஷெட்காரர்களை அவள் திட்டாத நாள் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் வாயைத் திறக்கவில்லையே என்பதுதான் அவளுக்கு ஆற்றாமை. அது வீட்டுக்குள். வெளியே இன்னும் மோசம். மாமா இப்போது குடோன் கேட்டில் வண்டி எண் எழுதுகிற வேலையில் இருக்கிறார் இல்லையா, எங்கள் ஸ்கூலில் படித்த பையன் ஒருவன் அங்கே லோடு ஏற்றுகிறான், படம் அவன் போனிலிருந்து எல்லோர் போனுக்கும் போய்விட்டது. கேட்டைத் தாண்டும்போது ஒவ்வொரு டிரைவரும் ஜன்னலை இறக்கி இரண்டு தடவை கனைத்துவிட்டுப் போகிறானாம். மாமா தலையைத் தூக்காமல் எண்ணை எழுதிக்கொண்டே இருப்பாராம். இதை அந்தப் பையனே வந்து என்னிடம் சொன்னான். அம்மா, தூங்கிட்டேன்னு ஆஸ்பத்திரியில அண்ணன் சொன்னது உங்ககிட்டயா, என்கிட்டயான்னு மட்டும் சொல்லுங்க என்று கேட்டாள், நான் லேப்டாப்பை மூடினேன், அதற்கப்புறம்தான் பேச்சை நிறுத்தினாள்.

மன்னிப்புக் கேட்கலாம் என்று மாமா வீட்டுக்குப் போனேன். போய் என்ன பேசினேன் தெரியுமா, கேட்டால் காறித் துப்புவாய். கதவைத் திறந்த அத்தையிடம், சாஃப்ட்வேர்ல வழுக்கைத் தலைக்காரர் ஒருத்தர்தாம்மா இருக்கார், வேற ஆள் கெடைக்கல என்றேன். அவள் என் தலையை நிதானமாகப் பார்த்து, உங்க தலையிலயும்தான் ஒரு முடி இல்ல, அப்பறம் ஏன் எல்லாரும் எங்க வீட்டுக்காரரை நெனச்சாங்க என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். நடந்தே வீட்டுக்கு வந்தேன். அம்மா பேச்சை நிறுத்தியிருந்தவள் அன்றைக்கு ஒரு வரி மட்டும் பேசினாள், நாய்க்குத் தொப்பி மாட்டத் தெரிஞ்ச மனுஷனுக்கு எங்கண்ணன் தலையில ஒரு தொப்பி மாட்டத் தெரியல. உண்மைதான், பள்ளிக்கூடம் பக்கம் ஹார்ன் அடிக்காதீர்கள் என்ற படத்தில் நாய்க்குத் தொப்பி மாட்டியிருந்தேன். டிவியிலிருந்து எல்லாப் படத்தையும் எடுக்கச் சொல்லிவிட்டேன். முதலாளி ஏன் சார், கூட்டம் நல்லா வருதே என்றார். லேப்டாப் ரிப்பேர் என்றேன். வெட்கத்தில் இருக்கிறவனுக்குப் பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது பார், மாமாவின் பிரேக் பொய் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

போன வாரம் வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகு நான் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன், வாசலில் கனைப்புச் சத்தம் கேட்டது. யாரோ பையன் கிண்டல் பண்ணுகிறான் என்று திரும்பினால், மாமாவே கைத்தடியோடு நிற்கிறார். அடிக்க வந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். அவர் முன்வரிசையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு, படத்தப் போடு மாப்ள, ஊரே பாத்துடுச்சு, நான் இன்னும் முழுசாப் பாக்கல என்றார். வேண்டாம் மச்சான் என்றேன். போடுன்னா போடு என்றார். போட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன், என் குரலில் அவர் பேசுவது காதில் விழவிழ உடம்பு கூசியது. நாய் வந்தபோது மட்டும் லேசாகச் சிரித்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். அது முடிந்ததும் சொன்னது இதுதான், அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். தூங்கினது நெசம், பொய் சொன்னது நெசம், அதுல உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன். நான் வெளிய சொல்லாதன்னு சொன்னத வெச்சு நீ கைதட்டு வாங்கிட்ட, அது எனக்கு வலிக்குது, அது போக நாளாகும். ஆனா ஒண்ணு கேக்கணும். கடைசில அந்த ஆளை ஏன் ரோட்டுலயே போட்டுட்ட, நாய் மோந்து பாக்குது, படம் முடிஞ்சிடுது. அன்னிக்கு நீதான மாப்ள ஓடி வந்து தூக்கின, அந்த ரத்தத்தோட உன் தோள்ல சாச்சுக்கிட்டியே, அத ஏன் போடல என்றார்.

எழுந்திரு என்று ஒரு பட்டன் அதில் இல்லை மச்சான் என்றேன். அதுவும் உண்மைதான், ஆனால் அதைச் சொல்லும்போதே, வேறு ஆள் கிடைக்கவில்லை என்று அத்தையிடம் சொன்னது போலவே எனக்குக் கேட்டது. அவர் தடியை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார், வகுப்பு நாற்காலி தாழ்வானது, முடியவில்லை. நான் போய்த் தூக்கிவிட்டேன். என் தோளைப் பிடித்துக்கொண்டார். வாசல் வரைக்கும் பிடியை விடவில்லை. மன்னிச்சிடுங்க என்ற ஒரு வார்த்தையை அவர் ஆட்டோவில் ஏறியபிறகுதான் சொன்னேன், அவர் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியாது.

அதற்கப்புறம் லேப்டாப்பை எடுத்து உட்கார்ந்தேன். விழு என்ற அசைவைப் பின்னோக்கி ஓட்டினால் விழுந்தவர் எழுந்திருக்கிறார் என்று கண்டுபிடித்தேன், ஆனால் தனியாக எழுந்தால் பேய் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கிறது. பக்கத்தில் தூக்கிவிட ஓர் ஆள் வேண்டும். முதலில் இளைஞனை நிறுத்தினேன். உங்களுக்கு மட்டும் முடி வெச்சுக்கிட்டீங்களா என்று பின்னாலிருந்து ஒரு குரல், திரும்பினால் அம்மா, எப்போது வந்து நின்றாளோ. சிரிக்கவில்லை, ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இளைஞனை எடுத்துவிட்டு அதே வழுக்கைத் தலையரை இன்னொரு தடவை வைத்தேன். ஒருவர் கிடக்கிறார், ஒருவர் குனிகிறார். கனைப்பை எடுத்துவிட்டேன், பிரேக் வசனத்தையும் எடுத்துவிட்டேன், இப்போது படத்தில் சிரிக்க ஒன்றும் இல்லை. இதை எங்கும் போடப் போவதில்லை, மாமாவிடம் மட்டும் காட்ட வேண்டும். இனி நான் படம் எடுத்தால் விழுகிற ஆள் நானாகத்தான் இருப்பேன் என்று அம்மாவிடம் சொன்னேன், தினமும் நேரில் பாக்கறேனே, அதுக்கு எதுக்குப் படம் என்றாள். பேச ஆரம்பித்துவிட்டாள் என்று அர்த்தம்.

நீ செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பழைய படத்தை யார் யாருக்கு அனுப்பினாயோ அவர்களிடம் சொல்லி அழிக்கச் சொல், முடிந்தவரைக்கும்தான். மாமாவுக்கு நீயே போன் செய், படத்தைப் பற்றி நீயாக எடுக்காதே, கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள். இன்னொன்று, ராத்திரி லேப் வேலை முடித்து நீயேதான் கார் ஓட்டிக்கொண்டு வருகிறாய். கண் சொருகினால் ஓரமாக நிறுத்திவிடு, யார் என்ன நினைத்தாலும் பரவாயில்லை, எனக்குப் போன் போடு, இங்கே எந்நேரமானாலும் எடுப்பேன். தூக்கம் வந்தது என்று சொல்வதில் ஒரு அவமானமும் இல்லை. இதை நான் முன்பே மாமாவிடம் சொல்லியிருக்க வேண்டும். நீ நோய்நொடி இல்லாமல், மனசு நிறைவாக, நீண்டநாள் இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் சேர்ந்தே வாழ்த்துகிறோம், சேர்ந்தே என்று எழுதும்போது அம்மா பக்கத்தில்தான் இருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு: இதை மடிக்கும்போது மாமா வந்துவிட்டார். புதுப் படத்தைப் போட்டுக் காட்டினேன். ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருக்கோமே மாப்ள, இதுல தூக்குறது யாரு, விழுந்தது யாரு என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை மச்சான் என்றேன்.