கடைசி ஆர்டர்

அன்பு மகளுக்கு,

எங்கள் மெஷின்களில் உள்ள ஒரு சிப்பை இனிமேல் தயாரிக்க மாட்டார்களாம். கடைசியாக எத்தனை வாங்கி வைக்கலாம் என்று கம்பெனியில் என்னைக் கேட்டார்கள். உன் அப்பன்தான் கணக்கில் புலியாயிற்றே! ஆண்டுக்கு நான்கு வீதம் இருபது என்று எழுதிக் கொடுத்தேன்.

மேனேஜர் சிரித்துவிட்டார். "அண்ணே, இது நீங்க ரிட்டயர் ஆகுற வரைக்கும்தான் வரும். மெஷின் இன்னும் பதினஞ்சு வருஷம் ஓடணுமே!"

அறுபது என்று திருத்திக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்தும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இந்தக் கடிதத்தை எழுதுவதற்குள்ளேயே மூன்று முறை எழுந்துவிட்டேன்.

"மாசக் கடைசிக்குள்ள அவனை விட்டுட்டு வா, இல்லேன்னா வரவே வராதே" என்று உனக்குக் கெடு வைத்தேனே, அதுவும் என் காலத்தை மட்டும் பார்த்து நான் போட்ட கணக்குதான். நாளை மறுநாள் மாதம் முடிகிறது.

கெடு எதுவும் கிடையாதம்மா. மாப்பிள்ளைக்கு எப்போது லீவு கிடைக்கும் என்று கேட்டு எழுது.

உன் அப்பா