முருகேசண்ணனின் ராத்திரி மாத்திரை

எங்கே இருந்தாலும் பக்கத்தில் நிற்பவரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கும் என் முருகேசண்ணே,

இன்றைக்கு மதியம் எங்கள் ஆராய்ச்சிக் கூட்டம் நடந்தது. எச்.ஐ.வி. மருந்துச் சோதனையின் முடிவுகளைச் சொல்லும் கட்டுரையில், எண் பதினேழுக்கு நேரே ஒரு வரி: "அறிவுரையை மீறி, மருந்தை முறையாக உட்கொள்ளாமல் இறந்தார்." பதினேழு நீங்கள்தான் அண்ணே. உங்கள் பெயரை வெளியே விடக்கூடாது என்பதில் மட்டும் எங்களுக்கு அம்புட்டு அக்கறை.

உங்கள் நோய் தெரிந்ததும் ஓட்டல் முதலாளி உங்களைத் துரத்திவிட்டு, நீங்கள் பரோட்டா போட்ட கல்லைப் பத்து நாள் வெயிலில் போட்டாரே, நினைவிருக்கிறதா? "இரும்புக்குமா தங்கச்சி சீக்கு வரும்?" என்று விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அந்த முதலாளியைப் படிக்காதவர் என்று திட்டினேன். படித்தவர்கள் லட்சணத்தை இன்றைக்குப் பார்த்தேன்.

மாசாமாசம் நீங்கள் கொண்டுவரும் டப்பாவைக் கவிழ்த்து, மிச்ச மாத்திரையை எண்ணுவது என் வேலை. உங்கள் டப்பா எப்போதும் காலி. "கழுவிக் குடிச்சாச்சு தங்கச்சி" என்பீர்கள். நானும் பெருமையாக நூற்றுக்கு நூறு போடுவேன். ஆனால் ரத்தத்தில் கிருமி குறையவில்லை, நீங்கள் மெலிந்துகொண்டே போனீர்கள். மருந்தைச் சந்தேகப்பட்டேன், இயந்திரத்தைச் சந்தேகப்பட்டேன். மதினிக்கும் அதே கிருமி இருப்பது தெரியும். ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான் மாத்திரை என்ற எங்கள் விதியும் தெரியும். "மதினிக்கு என்ன செய்றீங்க அண்ணே?" என்று ஒரு தடவையாவது கேட்டேனா?

உங்கள் காரியத்துக்கு வில்லாபுரம் வீட்டுக்கு வந்தபோது மதினி என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். "அம்புட்டையும் அவரு முழுங்கல டாக்டரம்மா. காலை மாத்திரை அவருக்கு, ராத்திரி மாத்திரை எனக்கு. வெளிய தெரிஞ்சா நிப்பாட்டிருவீங்கன்னு பயந்துட்டோம்" என்றார். பாதி மருந்துக்கு அந்தக் கிருமி அடங்காது, இன்னும் முரண்டு பிடிக்கும். தெரிந்த நான் கேட்கவில்லை. தெரியாத நீங்கள் பங்கு போட்டுக் கொடுத்தீர்கள்.

அதை உள்ளது உள்ளபடி உங்கள் கோப்பில் எழுதி வைத்தேன். அதுவே இன்று வினையாகிவிட்டது. எங்கள் தலைவர் சமோசாவைக் கடித்துக்கொண்டே, "இந்த ஜனங்களுக்கு எம்புட்டுச் சொன்னாலும் மண்டையில ஏறாதும்மா. மருந்து மேல பழி வரக்கூடாது. அவன் மீறுனான்னே இருக்கட்டும்" என்றார். சுற்றிலும் சிரிப்பு. சீ! அவர்களோடு உட்கார்ந்து தின்ற கையை மூன்று தடவை கழுவினேன்.

"ஒரு வீட்டுக்கு ஒருத்தர்னு விதி போட்டது நாமதானே சார்?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அந்தாளு உங்களுக்கு என்ன சொந்தமா?" என்றார். நான் உங்கள் கோப்பை மூடிவைத்தேன். அவர் பேச்சைவிட என் மௌனம்தான் இப்போது எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஒரு சேதி அண்ணே. இப்போது பெரியாஸ்பத்திரியில் இந்த மாத்திரையை இலவசமாகவே கொடுக்கிறார்கள். போன வாரம் மதினியை அங்கே பார்த்தேன். கொஞ்சம் சதை பிடித்திருக்கிறார். வரிசையில் அவருக்கு முன்னால் ஒரு புருஷன் பெண்டாட்டி, ஆளுக்கொரு டப்பா வாங்கிக்கொண்டு போனார்கள். மதினி அவர்கள் கேட்டைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

நாளைக்குக் கட்டுரையில் நான் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வரியை அடித்துவிட்டு, எங்கள் விதியையும், அதனால் நீங்கள் மாத்திரையைப் பங்கு போட்டதையும், கேட்காமல் எண்ணிக்கொண்டிருந்த என்னையும் எழுதுவேன். முடியாது என்றால் என் பெயரை எடுத்துவிடச் சொல்வேன். இது சத்தியம். சொந்தமா என்று தலைவர் மறுபடியும் கேட்பார். இந்தத் தடவை பதில் வைத்திருக்கிறேன்.

உங்கள் கூடப்பிறக்காத
தங்கச்சி