முன்வரிசைச் செண்டை

பிப்ரவரி 3
இன்றும் வலது மணிக்கட்டு மரத்துப்போய்த்தான் விழித்தேன். பல் தேய்க்கையில் பிரஷ் நழுவியது. ரெம்யா பார்த்துவிட்டாள். ஈரம் வழுக்கிவிட்டது என்று பெண்டாட்டியிடமே பொய் சொன்னேன்.

இந்த வருஷம் பகவதி கோயில் பூரத் திருவிழாவுக்கு முன்வரிசையில் நிற்கச் சொல்லியிருக்கிறார் மேளத்தை நடத்தும் அச்சுத மாரார். இத்தனை வருஷமும் பின்வரிசையில் தாளம் பிடித்தே போயிற்று. முன்வரிசை என்றால் செண்டைக் கோலை மணிக்கட்டால் உருட்டி உருட்டி வாசிக்க வேண்டும். இப்போதா இந்தக் கை சண்டித்தனம் பண்ண வேண்டும்?

பிப்ரவரி 4
சாதகம் போதவில்லை, அதுதான் வலி. புளியங்கட்டையால் கல்லில் அடித்துப் பழகுவதை இன்னும் கூட்டணும்.

பிப்ரவரி 15
கூட்டினேன். வலியும் கூடிற்று.

பிப்ரவரி 19
டாக்டரிடம் போனேன். துணைக்குப் பிரசன்னன் — பின்வரிசைக் கூட்டாளி, வாய் ஓயாதவன். "மணிக்கட்டுல நரம்பு நசுங்குது. ஒரே வேலையக் கையால திரும்பத் திரும்பச் செய்யறவங்களுக்கு வரும். தையல்காரங்க, முடி வெட்டறவங்க, டைப் அடிக்கறவங்க. கர்ப்பிணிகளுக்குக்கூட வரும்" என்றார் டாக்டர். "எத்தனாவது மாசம்டா?" என்று என் காதைக் கடித்தான் பிரசன்னன்.

"நீங்க என்ன வேலை?"

பால் சொசைட்டியில் கணக்கு, கம்ப்யூட்டர் என்றேன். செண்டை என்றால் கோலைப் பிடுங்கிவிடுவாரே! டைப் அடிக்கவே கூடாதென்று லீவுக்கு எழுதிக் கொடுத்தார்.

பிப்ரவரி 20
சொசைட்டிக்கு லீவு. கல்லுக்கு இல்லை.

மார்ச் 8
"லீவு போட்டும் ஏன் கொறையல? சோத்த உருட்ட முடியல, கோல மட்டும் உருட்டுவீங்களா?" — ரெம்யா. துண்டை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போய்விட்டேன்.

மார்ச் 22
ஒத்திகையில் கோல் விழுந்தது. காலம் ஏறி வேகம் கூடும் இடம். விழுந்தது விரலுக்குத் தெரியவே இல்லை. மேளம் நிற்கவில்லை. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அதுதான் தாங்க முடியல.

முடிந்ததும் மாரார் கையைப் பிடித்துப் பார்த்தார். கட்டைவிரலடியில் சதை வற்றியிருந்தது. "மடையா, எங்கிட்டச் சொன்னா என்ன, முழுங்கிடுவேனா?" என் இடத்தில் இனி பிரசன்னன். அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது இருப்பேன்.

மார்ச் 25
டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆபரேஷன் செய்தே ஆகணுமாம்.

ஏப்ரல் 14
ஆபரேஷன் முடிந்து கட்டோடு இருக்கிறேன். பிரசன்னன் நாசமாய்ப் போகட்டும். — வேண்டாம், நல்லா வாசிக்கட்டும். — சே, ஒரு இடத்திலாவது தடுமாறட்டும்.

ஏப்ரல் 19
பூரம். போகக்கூடாது என்றிருந்தேன். "வீட்ல உக்காந்து சுவத்தத் தட்டிட்டு இருக்கவா? வாங்க சுதியேட்டா" என்று இழுத்துப் போனாள் ரெம்யா.

முதல் தடவையாகக் கூட்டத்தில், மேளத்துக்கு எதிரே நின்றேன். எங்கே தடுமாறுவான் என்று பிரசன்னனின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். தடுமாறவில்லை. பயல் என்னமாய் உருட்டினான்! காலம் ஏற ஏற, சுற்றிலும் ஜனங்களின் கைகள் தாளத்தோடு மேலே எழுந்தன.

"ஐயோ, கைய இறக்குங்க! தையல் பிரிஞ்சிடும்!" என்று கத்தினாள் ரெம்யா. அப்போதுதான் பார்த்தேன், கட்டுப் போட்ட என் கையும் மேலே நின்றது.

அதை இறக்கிவிட்டு இடது கையைத் தூக்கினேன்.